ஜப்பான் தகரப் பொம்மைகள்

பழம்பொருள் சேகரிப்பவர்களில் பல வகையினர் உண்டு. நாணயம் சேர்ப்பவருக்குச் சரித்திரம் துணை நிற்கிறது. தபால் தலை சேர்ப்பவருக்குப் பூகோளம் துணை நிற்கிறது. சித்திரமும் சிற்பமும் சேர்ப்பவருக்குக் கலை ரசிகர்களின் ஆதரவு எக்காலத்திலும் குறைவதில்லை. ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரக் காரையோ, கைத்தாளம் தட்டும் ஒரு குரங்கையோ, மார்பில் விளக்கு எரிய அடிமேல் அடி வைத்து நடக்கும் ஒரு யந்திர மனிதனையோ வயது வந்த ஒருவர் கண்ணாடி அலமாரியில் வைத்துக் காப்பாற்றி, அது வந்த அட்டைப் பெட்டியைக்கூடப் பொக்கிஷமாகப் போற்றுவாரானால், இதற்கெல்லாம் என்ன நியாயம் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1945-ஆம் ஆண்டுக்கும் 1960-களின் இறுதிக்கும் இடையில் ஜப்பானில் செய்யப்பட்ட தகரப் பொம்மைகளின்மீது உலகெங்கும் சேகரிப்பாளர்கள் கொண்டிருக்கும் மோகத்துக்குப் பால்ய காலத்து ஞாபகம் ஒரு காரணந்தான். எனினும் அதைவிட வலுவான காரணம் அப்பொம்மைகளின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவற்றில் நம்மைக் கவரும் ஒவ்வோர் அம்சத்தையும், அந்த மினுமினுப்பையும், சதுரத் தலையையும், தடுமாறும் நடையையும், கரகரவென்ற சத்தத்தையும் கொஞ்சம் துருவிப் பார்த்தால், அதன் அடியில் ஓர் உலோகத்தின் சுபாவமோ, பௌதிக சாஸ்திரத்தின் ஒரு விதியோ, பணத்துக்குத் திண்டாடிய ஒரு தொழிலாளியின் யுக்தியோ தவறாமல் அகப்படுகிறது.

முதலில் அந்தத் தகரத்தையே எடுத்துக்கொள்வோம். தகரம் என்று பொதுவாக வழங்கும் பொருளில் ஏறத்தாழ முழுவதும் மிருதுவான எஃகுதான். கால் மில்லிமீட்டர் அளவே கனமுள்ள எஃகுத் தகட்டின் இரு புறங்களிலும் வெள்ளீயம் மிக மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கிறது; ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஓரிரு கூறுக்கு மேல் அப்போர்வையின் கனம் இராது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடுமாதலால், சுத்தம் செய்த தகட்டை உருகிய ஈயத்தில் முக்கி எடுப்பது பழங்கால வழக்கம். மின்சாரத்தின் உதவியால் பூசுவது பின்னால் வந்த முறை. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவி, ஈயம் பூசுகிறவர் துணியால் ஒரே வீச்சில் உட்புறத்தை வெள்ளியாக்கிவிடுவாரே, அந்த ஈயமும் இந்த உலோகமும் ஒன்றே. எஃகுக்கு வலிமை உண்டு, ஆனால் ஈரக் காற்று பட்டால் துருப்பிடிக்கும். வெள்ளீயம் துருப்பிடிக்காது, ஆனால் தானாக நிமிர்ந்து நிற்கும் திராணி அதற்கில்லை. இரண்டும் சேர்ந்த பிறகு கத்தரியால் வெட்டவும், கையால் மடிக்கவும், அச்சில் அழுத்தவும், சூட்டுக்கோலால் பற்றவைக்கவும் இடம் கொடுக்கும் ஓர் அருமையான பொருள் கிடைத்துவிடுகிறது.

இந்தச் சிநேகத்தில் ஓர் ஆபத்தும் உண்டு; தகரப் பொம்மையை வைத்திருப்பவர் எவரும் அதை அறிந்திருக்க வேண்டும். இரும்பின்மேல் துத்தநாகத்தைப் பூசினால், எங்கேனும் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டபோதிலும், துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். ஏனென்றால் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பதில் அது இரும்பைவிடத் தாராளமானது. வெள்ளீயத்தின் குணம் நேர் எதிர். காற்றும் ஈரமும் படும் இடத்தில் எலெக்ட்ரான்களை இழப்பதில் இரும்பே முந்திக்கொள்கிறது. ஆகவே பூச்சில் ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால், சுற்றிலும் உள்ள பரந்த ஈயப் பரப்பும் கீறலில் தெரியும் துளி இரும்பும், இடையே படிந்த ஈரத்தின் துணையால், ஒரு சின்னஞ்சிறு மின்கலமாகவே மாறிவிடுகின்றன. அந்தக் கலத்தில் அழிவது இரும்பு. பூச்சே இல்லாத இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்குமோ அதைவிட வேகமாக, அந்த ஓர் இடத்தில் மட்டும் துரு ஆழமாக இறங்கி, வர்ணத்தின் அடியில் வேர் விட்டுப் பரவுகிறது. கண்ணுக்கு நன்றாகவே தோன்றும் ஒரு பொம்மையின் மேல் வர்ணம் கொப்புளம்போல் உப்பியிருந்தால் அனுபவமுள்ள சேகரிப்பாளர் அதைக் கையில் எடுக்கும்போதே முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி வர்ணத்துக்கு வருவோம். இப்பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு வர்ணம் தூரிகையால் தீட்டப்பட்டதன்று. தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சிடப்பட்டது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்ற எளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டு, 1796-ஆம் ஆண்டில் பவேரியா தேசத்து அலாய்ஸ் ஸெனெஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் எழுதி, கல்லை நனைத்து, அதன்மேல் அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மையை ஏற்கும். நனைந்த இடம் அதைத் தள்ளும். காகிதத்துக்கு இது போதுமானது. ஆனால் கல்லும் கடினம், தகடும் கடினம். கடினமான இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் மை சீராகப் பதியாது. இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே என்பவர் 1875-இல் உரிமை பெற்ற யந்திரம் இச்சிக்கலைத் தீர்த்தது. கல்லிலுள்ள சித்திரத்தை முதலில் நெகிழ்வான ஒரு பரப்பின்மேல் வாங்கிக்கொண்டு, அப்பரப்பிலிருந்து தகட்டுக்கு மாற்றுவது அதன் தந்திரம். இன்று நம் பத்திரிகைகளும் புத்தகங்களும் அச்சாகும் ஆப்செட் முறைக்கு மூதாதை, தகரத்தின்மேல் படம் போடுவதற்காகப் பிறந்த அந்த யந்திரமே.

காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும், தகடு உறிஞ்சாது. எனவே ஒவ்வொரு வர்ணத்தையும் அச்சிட்ட பிறகு தகட்டை உலையில் வைத்துச் சூடேற்றி உலர்த்தி, அதன் பின்னரே அடுத்த வர்ணத்தை ஏற்ற வேண்டியிருந்தது. இவ்வளவு சிரமத்துக்கும் கிடைத்த பலன் அசாதாரணமானது. ஒளி ஊடுருவும் தன்மையுள்ள சிவப்பையோ நீலத்தையோ பளபளப்பான ஈயத்தின்மேல் பூசும்போது, வெளிச்சம் வர்ணப் படலத்தைக் கடந்து உள்ளே சென்று, கண்ணாடி போன்ற ஈயத்தில் பட்டுத் திரும்பி, மறுபடியும் அதே படலத்தைக் கடந்து நம் கண்ணை அடைகிறது. வர்ணத்தின் வழியே இருமுறை வடிகட்டப்பட்ட ஒளி அது. பழைய தகரக் கார் ஒன்றின் சிவப்பில் தோன்றும் அந்த ஆழத்தைப் பிளாஸ்டிக்கில் எவ்வளவு சாயம் கலந்தாலும் கொண்டுவர முடிவதில்லை.

அச்சிட்ட பிறகு வருவது வடிவம். இங்கேதான் கணித சாஸ்திரம் குறுக்கிடுகிறது. ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1827-இல் நிரூபித்த ஓர் உண்மையின்படி, தட்டையான ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாமே தவிர, கோளமாக ஆக்கவே முடியாது. பெட்டியும் குழாயும் மடிப்பில் பிறந்துவிடும். பந்தும் மனித முகமும் மடிப்புக்கு வசப்படா. ஆகவே மலிவாகச் செய்ய வேண்டிய பொம்மை பெட்டியாகவோ குழாயாகவோ அமைந்தது. ஜப்பானிய யந்திர மனிதர்களுக்குச் சதுரத் தலையும், டப்பா போன்ற மார்பும், குழாய்க் கைகளும் வாய்த்ததில் கலைஞரின் கற்பனைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு தகட்டின் சுபாவத்துக்கும் உண்டு. வருங்கால யந்திர மனிதன் எப்படி இருப்பான் என்று ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மனத்தில் பதிந்த உருவம், பெரும்பாலும் தகரத்தை மடிக்கும் விதிகளால் வரையப்பட்ட உருவமே.

முகமும், காரின் வளைந்த முதுகும், பந்தும் செய்ய வேண்டிய இடத்தில், தகட்டை ஆணச்சுக்கும் பெண்ணச்சுக்கும் இடையில் வைத்து நசுக்கி இழுக்க வேண்டும். அப்போது தகடு மூக்கின் நுனியில் அதிகம் நீளும். கன்னத்தில் குறைவாக நீளும். ஓரத்தில் சுருங்கப் பார்க்கும். முன்னரே அச்சிட்ட சித்திரமும் கூடவே இழுபடும். தட்டையான தகட்டில் லட்சணமான முகத்தை வரைந்துவிட்டால், அழுத்திய பின் கண் ஒரு பக்கமும் புருவம் ஒரு பக்கமும் ஓடிவிடும். ஆகையால் சித்திரக்காரர், எந்த இடத்தில் உலோகம் எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டியே கணித்து, வேண்டுமென்றே கோணலாக ஒரு முகத்தை வரைவார். அச்சு அதன்மேல் இறங்கி எழும்போது அக்கோணல் நிமிர்ந்து சிரித்த முகமாகிவிடும். பழைய பஸ் பொம்மை ஒன்றின் ஜன்னல்களில் தொப்பி அணிந்த பிரயாணிகளும், குழந்தையை மடியில் வைத்த தாயும் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஜன்னல் முடியும் இடத்தில் தகடு மடிந்து கூரையாகிறது. அந்த மடிப்பில் ஒரு மயிரிழைகூடக் கோடு பிசகாமல் வர்ணம் தொடர்கிறது. இதைச் செய்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. என் மட்டில், இப்பொம்மைகளில் யந்திரத்தைவிட இந்தக் கைத்திறனே அதிக வணக்கத்துக்குரியது.

இத்தொழிலில் ஜப்பானுக்கு முன்னோடி ஜெர்மனி. நூரெம்பெர்க் நகரத்துத் தகரப் பொம்மைகள் ஒரு காலத்தில் உலகச் சந்தை முழுவதையும் ஆண்டன. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானிய ஏற்றுமதி நின்றுபோனதும், அவ்விடத்துக்கு ஜப்பானியர் வந்தனர். பின்னர், 1930-களின் பிற்பகுதியில், யுத்த தளவாடங்களுக்கு உலோகம் தேவைப்பட்டமையால் பொம்மைகளுக்கு உலோகத்தைச் செலவிட அந்நாட்டு அரசாங்கமே தடை விதித்தது. தொழில் ஏறக்குறைய மாண்டது என்றே சொல்ல வேண்டும். 1945-இல் யுத்தம் முடிந்தபோது டோக்கியோ உள்ளிட்ட பெரு நகரங்கள் குண்டுவீச்சில் சாம்பலாகிக் கிடந்தன. உணவுக்கே வழியில்லாத அச்சமயத்தில், பீவா ஏரிக்கரையிலுள்ள ஓட்சு நகரத்தில் கொசுகே மாட்சுசோ என்ற பொம்மைத் தொழிலாளி, ஆக்கிரமிப்புப் படையினர் தின்றுவிட்டு எறிந்த உணவு டப்பாக்களைச் சேகரித்து, கழுவி, விரித்து, அடித்து நிமிர்த்தி, தெருவில் ஓடிய அமெரிக்க ஜீப்பைக் கண்ணால் அளந்து, சிறிய ஜீப் பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோ நகரத்துப் பெருங்கடை ஒன்றில் அவை பத்து யென் விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஜனங்கள் வாங்கிச் சென்றார்கள். வென்றவர் எறிந்த டப்பாவிலிருந்து வென்றவருடைய வண்டியையே செய்து, தோற்ற நாட்டுக் குழந்தையின் கையில் ஒருவர் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. அக்காலத்துப் பொம்மைகள் சிலவற்றின் உட்புறத்தைப் பார்த்தால், பழைய டப்பாவின் அச்செழுத்துக்கள் இன்றும் அழியாமல் தெரியும்.

1947 முதல் ஏற்றுமதிப் பண்டங்களில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருள்படும் ஆங்கில முத்திரை இடப்பட்டது. 1952 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஆக்கிரமிப்பு நீங்கியதும் அம்முத்திரையும் மறைந்தது. ஆதலால் அவ்வாசகம் உள்ள பொம்மையின் வயதை ஐந்தாண்டுக்குள் நிச்சயமாகச் சொல்லிவிடலாம். சேகரிப்பாளருக்கு இதைவிடச் சௌகரியமான சாட்சி வேறில்லை. டோக்கியோவில் அசகுசா, குராமாயே முதலிய பகுதிகள் இத்தொழிலின் கேந்திரமாயின. மசுதாயா, நொமுரா, யொனெசாவா, ஹொரிகாவா, ஆல்ப்ஸ், 1950-இல் தொடங்கிய பந்தாய் முதலான கம்பெனிகளின் பெயரில் பொம்மைகள் வெளிவந்தாலும், தகட்டை வெட்டுவது ஒரு சிறு பட்டறை, வர்ணம் அச்சிடுவது இன்னொன்று, பகுதிகளை மடித்துப் பூட்டுவது மற்றொன்று என்று வேலை பகிர்ந்தே நடந்தது.

இப்பொம்மைகள் எப்படி அசைந்தன என்பது தனி சாஸ்திரம். மிகப் பழைய முறை சாவி கொடுப்பது. எஃகுப் பட்டையைச் சுருட்டும்போது நம் விரல் செய்யும் வேலை அதன் மீள்சக்தியாகச் சேமிக்கப்படுகிறது. ஸ்பிரிங்கை அப்படியே அவிழ விட்டால் ஒரு நொடியில் சக்தி முழுவதும் தீர்ந்து பொம்மை தாவி விழும். ஆகையால் பல்சக்கர வரிசையின் கடைசியில், பற்களுக்கு இடையில் இப்படியும் அப்படியும் ஆடித் தட்டும் ஒரு சிறு நெம்புகோல் வைக்கப்பட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பல்தான் கடந்து செல்ல முடியும். அந்தத் தட்டல் வினாடிக்குப் பல முறை நிகழ்வதால் எழும் ஓசையே தகரப் பொம்மைக்கு உரிய கரகரப்பு.

இரண்டாவது முறையில் ஸ்பிரிங்கும் இல்லை, சாவியும் இல்லை. காரைத் தரையில் வைத்து நாலைந்து முறை அழுத்தித் தள்ளிவிட்டால், விர்ரென்ற ஓசையுடன் அது தானே அறையைக் கடந்து ஓடும். உள்ளே கனத்த சக்கரம் ஒன்று இருக்கிறது. கார்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது பல்சக்கரங்களின் உதவியால் பல சுற்றுச் சுற்றிவிடும். சுழலும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயருமாதலால், வேகத்தைப் பத்து மடங்காக்கினால் சேமிப்பு நூறு மடங்காகிறது. மலிவிலும் உறுதியிலும் இதை மிஞ்சிய விசை வேறில்லை. அறுந்துபோக ஸ்பிரிங் இல்லை, தீர்ந்துபோகப் பாட்டரி இல்லை. அறுபது, எழுபது வயதான கார்களில் பல இன்றும் ஒரு தள்ளலுக்கு ஓடுவதன் காரணம் அதுவே.

மூன்றாவதாகப் பாட்டரி வந்தது. பொம்மைகளின் சுபாவமே மாறிற்று. மபூச்சி கெனிச்சி என்பவர் 1947-இல் குதிரை லாட வடிவக் காந்தத்தைக் கொண்ட சிறிய மின்மோட்டாரை அமைத்தார். 1954-இல் டோக்கியோவில் அதற்கென ஒரு கம்பெனி எழுந்தது. ஒன்றரை வோல்ட் பாட்டரி ஒன்றிரண்டு போட்டால் சுழலும் மலிவான மோட்டார் கிடைத்தவுடன், ஸ்பிரிங்கால் ஒரு நிமிஷங்கூட உழைக்க முடியாத இடத்தில் பொம்மை நெடுநேரம் உழைக்கலாயிற்று. ஒரே மோட்டாரிலிருந்து கைக்கொரு நெம்புகோலும் கண்ணுக்கொரு விளக்கும் தலைக்கொரு வளைசக்கரமுமாக விசை பிரிந்து செல்ல, பொம்மை மதுக்கடைக்காரர் ஒருவர் பானம் கலக்குவார், குடிப்பார், முகம் சிவப்பார், காது வழியே புகையும் விடுவார். அப்புகைக்குக்கூட ஒரு கிரமம் உண்டு. எண்ணெயில் நனைந்த திரியைச் சூடான கம்பிச் சுருள் தொடுகிறது. எழும் ஆவியைச் சிறு துருத்தி ஒன்று தாளம் தவறாமல் வெளியே ஊதுகிறது.

இவற்றில் என்னை மிகவும் வசீகரிப்பது, ‘மர்ம இயக்கம்’ என்ற பொருள்படப் பெட்டியில் விளம்பரம் செய்யப்பட்ட விநோதம். மேஜைக் காலிலோ சுவரிலோ மோதினால், கார் சற்றுத் தயங்கி, தானே திரும்பி, வேறு வழியாக ஓடிவிடும். யோசித்துத் திரும்புவதுபோலவே இருக்கும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். முன் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஒரு நூல் உயரத்தில் நிற்கின்றன. அவை வெறும் அலங்காரம். அவற்றுக்குப் பின்னால், தன் இஷ்டம்போல் எப்பக்கமும் திரும்பக்கூடிய வட்டத்தட்டு ஒன்று தெரிகிறது. வண்டியை ஓட்டும் சக்கரங்கள் அத்தட்டில் இருக்கின்றன. மோட்டாரிலிருந்து வரும் அச்சு தட்டின் நடுவே செங்குத்தாக இறங்கி, பல்சக்கரத்தால் அவற்றைச் சுழற்றுகிறது. பாதை திறந்திருக்கும் வரையில் சக்கரம் உருண்டு முன்னேறுவதே சுலபமான காரியம். சுவரில் முட்டியதும் உருள வழியில்லை. அச்சோ ஓயாமல் சுழல்கிறது. அந்தச் சுழற்சி வேறு போக்கிடம் இல்லாமல் வட்டத்தட்டையே திருப்புகிறது. தட்டு திரும்பித் திரும்பி, தடை இல்லாத திசை எதிர்ப்பட்டதும், சக்கரம் மறுபடி உருளத் தொடங்குகிறது. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை, ஒரு ஸ்விட்சுகூட இல்லை. எங்கே எதிர்ப்புக் குறைவோ அங்கே விசை செல்லும் என்ற ஒரே விதி போதுமாயிருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1948-49 ஆண்டுகளில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர், மூளையின் இயல்பை ஆராயும் பொருட்டு, ரேடியோ வால்வுகளும் ஒளி உணரும் கருவியும் வைத்து ஆமை போன்ற யந்திரங்களைச் செய்து, அவை தடையைத் தாண்டிச் செல்வதை உலகுக்குக் காட்டினார். ஆராய்ச்சிச்சாலையின் ஆமை வெளிச்சத்தைத் தேடிச் சென்றது. அவ்வளவு தூரம் பொம்மைக் கார் போகவில்லை. ஆயினும் தடையிலிருந்து விலகும் பகுதியை மட்டும் கருதினால், குராமாயேக் கடைச் சரக்கு பிரிஸ்டல் ஆமைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1955-இல் மசுதாயா கம்பெனி, கம்பித் தொடர்பே இல்லாமல் ரேடியோ அலையால் ஓட்டப்படும் தகர பஸ் ஒன்றை வெளியிட்டது. விலை அதிகமான வால்வுகளைப் பொம்மையில் வைக்க முடியாது. ஆதலால் அதன் அமைப்பாளர்கள், ரேடியோ நிபுணர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்டிருந்த ஒரு சாதனத்தை மீட்டுக்கொண்டு வந்தார்கள். உலோகத் தூளைச் சிறு குழாயில் இட்டு இரு முனைகளிலும் மின்சாரம் கொடுத்தால், தூளின் துகள்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமையால் மின்சாரம் பாயாது. அருகில் ஒரு மின்பொறி எழுந்து அதன் அலை வந்து மோதினால், துகள்கள் ஒட்டிக்கொண்டு வழி விடும். குழாயை ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பிரிந்துவிடும். ‘கொஹீரர்’ எனப்படும் இச்சாதனத்தின் குணத்தை 1890-இல் பிரான்சில் பிரான்லி கண்டார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அதை நுட்பமாக ஆராய்ந்து திருத்தினார். மார்க்கோனியின் ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்தியும் அதைக் கொண்டே பேசிற்று. குழந்தை பொத்தானை அழுத்தும்போது அதன் கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பொறி எழும். பஸ்ஸிலுள்ள தூள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் சுக்கான் ஒரு படி நகரும். கம்பியில்லாத் தந்தியின் பழைய சரித்திரம் ஒரு விளையாட்டு பஸ்ஸுக்குள் மறுபடி உயிர்பெற்றது என்றால் அது மிகையாகாது.

யந்திர மனிதர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் தனி நூலாகிவிடும். லில்லிபுட் என்ற மஞ்சள் பெட்டி மனிதன் யுத்தத்துக்கு முன் பிறந்தவனா பின் பிறந்தவனா என்று சேகரிப்பாளர் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு அடுத்துவந்த ‘அணு யந்திர மனித’னின் பெட்டியில், இடிந்த நகரத்தின் நடுவே அவன் நடந்து வர, பின்னால் அணுகுண்டின் காளான் மேகம் எழுவதாகச் சித்திரம் தீட்டியிருக்கிறது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து சில ஆண்டுகளே ஆன நாட்டில், விற்பனைக்காக ஒருவர் அந்தப் படத்தை வரைந்திருக்கிறார். எந்த மனநிலையில் அவர் அதை வரைந்தார் என்பதை ஊகிக்க எனக்குத் துணிவில்லை. 1956-இல் அமெரிக்கத் திரைப்படம் ஒன்றில் ராபி என்ற யந்திர மனிதன் தோன்றிய பிறகு ஜப்பானியப் பட்டறைகள் அவ்வுருவத்தைப் பல விதமாக அமைத்தன. நொமுரா செய்ததில், தலையின் தெளிந்த கூண்டுக்குள் பிஸ்டன்கள் வெளிச்சத்தில் ஏறி இறங்குகின்றன. அவன் நடப்பதும் ஒரு யுக்தியே. பாதத்தின் அடியில் முன்னோக்கி மட்டும் உருளும் சிறு சக்கரங்கள் உள்ளன. கால் முன்னே நகரும்போது அவை உருளும், பின்னே இழுபடும்போது பூட்டிக்கொண்டு உடலை முன்னே தள்ளும்.

இத்தொழிலின் இறக்கம் விரைவாகவே நிகழ்ந்தது. அச்சில் ஊற்றினால் எந்த வளைவையும் ஏற்கும் பிளாஸ்டிக்குக்குக் கௌஸின் விதி தடையாகவில்லை. ஜப்பானில் கூலி உயர்ந்தது. 1969-இல் அமெரிக்கா இயற்றிய பொம்மைப் பாதுகாப்புச் சட்டம், கூரிய விளிம்புள்ள தகரத்துக்கு நெருக்கடி ஆயிற்று. 1949 முதல் டாலருக்கு 360 என்று நிலைத்திருந்த யென்னின் மதிப்பு 1970-களின் தொடக்கத்தில் ஏறியதும் ஏற்றுமதி லாபமும் தேய்ந்தது. அழிந்து போகவிருந்தவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் தலையானவர் கிதஹாரா தெருஹிசா. 1986-இல் யொகோஹாமா நகரத்தின் யமாதே குன்றில் அவர் நிறுவிய தகரப் பொம்மைக் காட்சிசாலை, ஒரு தேசம் தன் பட்டறைத் தொழிலாளிகளுக்குச் செய்த மரியாதையாகவே எனக்குத் தோன்றுகிறது.

சேகரிக்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பொம்மையின் முகத்தையல்ல, அதன் நாக்குகளை. தகரப் பொம்மையின் பகுதிகள், ஒன்றிலுள்ள சிறு நாக்கு மற்றொன்றின் துளையில் நுழைந்து மடிக்கப்படுவதால் இணைகின்றன. எஃகை ஒரு முறை மடித்தால் அதன் படிக அமைப்பில் குலைவுகள் பெருகி அவ்விடம் விறைத்துப்போகிறது. நிமிர்த்தி மறுபடி மடித்தால் விரிசல் காணும். மூன்றாம் முறை ஒடிந்தே போகும். ஆகவே நாக்கின் முதுகில் வர்ணம் உதிர்ந்து நுண்ணிய வெடிப்புத் தெரிந்தால், யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். உள்ளே மாற்றுச் சக்கரமோ வேறு பொம்மையின் கையோ இருக்கக்கூடும். புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால், பழைய மையும் பின்னால் பூசிய வர்ணமும் வெவ்வேறு விதமாக ஒளிரும். பெட்டிக் காகிதம் பளீரென்ற நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் நவீன ரஸாயனம் அதில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். யுத்தத்தை ஒட்டிய காலத்துப் பெட்டி என்று சொல்லி விற்பவரிடம் அப்போது எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நம்மில் எவர் வீட்டுப் பரணிலேனும், கடல் கடந்து சென்று வந்த முன்னோர் ஒருவர் கொண்டுவந்த இப்படிப்பட்ட பொம்மை கிடக்கக்கூடும். அது கிடைத்தால் தயவுசெய்து தண்ணீரில் கழுவ வேண்டாம். புளியோ சாம்பலோ போட்டுத் துலக்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தாலே போதும். உள்ளே பழைய பாட்டரி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் நவச்சாரம் தகட்டை உட்புறத்திலிருந்தே அரித்துவிடும். வெளுத்த இடத்தில் புது வர்ணம் தீட்டாதீர்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய அலமாரியில் வையுங்கள். அட்டைப் பெட்டி எவ்வளவு கிழிந்திருந்தாலும் அதையும் எறியாமல் வைத்திருங்கள்.